துட்டு கட்டி மீன் புடிக்கப் போற மருமவனே!

ஏலே மருமவனே, நீ கூட்டாளிமாரோட அந்தமானுக்கு வாரேன்னு எந் தங்கச்சி போன்ல சொன்னா. வா, சந்தோசம். போர்ட் பிளேருக்கு 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேரை மாத்திட்டாங்க. பேரு மாறினாலும் ஜங்லிகாட் மீன் வாடை மாறல, மாமன் வீட்டு வாசலும் மாறல. வீட்டுல சோறு இருக்கு, கொழம்பு இருக்கு, விரிக்கப் பாயும் இருக்கு. ஆனா நீ அதுக்கு வரலயாமே! தனி போட்டு புடிச்சு, நடுக்கடலுக்குப் போயி, பாரையைத் தூண்டில்ல இழுத்து, போட்டோ எடுத்துட்டு, திரும்பக் கடல்லயே விடப் போறியாம். அதுக்கு ஒரு நாள் வாடகை, நீ மெட்ராஸ்ல குடுக்குற ஒரு மாச வீட்டு வாடகையைத் தாண்டுமாம்.

கேட்டதும் ஒங்க அத்தைக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. "அந்தத் துட்டு புடிக்கதுக்கா, விடுததுக்கா?"ன்னு கேக்கா. ரெண்டுக்கும் சேத்துத்தான், வரி தனின்னு சொன்னேன். அவ அதுக்கப்புறம் என்கிட்ட பேசல.

சரி, வார வயசுல வாரது வரத்தான் செய்யும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீ கடல்ல போடப் போற. அளவை மாமன் சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதல்ல படத்தைப் பாத்து மயங்காதே. போட்டுக்காரன் ஒனக்கு அனுப்பியிருப்பானே, தாடிக்காரன் ஒருத்தன் ஆள் தண்டிப் பாரையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்க படம்? அதுல மீனைப் பாக்காதே, விரலைப் பாரு. முகத்தை விட விரலு பெருசா, வாழைப்பழம் மாதிரி தெரிஞ்சுதுன்னா, அவன் மீனைக் கேமரா மூக்குக்கு நீட்டியிருக்கான்னு அர்த்தம். அப்படி நீட்டினா அயிலையும் பாரையாத் தெரியும். படம் எந்த வருசத்துலன்னும் கேளு. ஒரே மீனு, ஒரே தாடி, நாலு கம்பெனி விளம்பரத்துல நிக்கும். தூண்டில்ல புடிச்சதுல உலகத்துலயே பெரிய பாரைன்னு சாதனைக் கணக்குல எழுதி வச்சிருக்கது 2006-ல ஜப்பான் கடல்ல புடிச்சது, 72.8 கிலோ. அதுக்கு மேல எவனாவது எடை சொன்னா, "அண்ணே, அதுல மீனு எம்புட்டு, வாயி எம்புட்டு?"ன்னு மரியாதையாக் கேளு.

அடுத்தாப்புல, "மீனு நிச்சயம், இல்லன்னா துட்டு வாபஸ்"னு ஒருத்தன் வருவான். நானும் இந்தக் கடல்ல முடி நரைச்சவன்தான். இன்னைக்கு வரைக்கும் எந்தப் பாரையும் அச்சாரம் வாங்கிக்கிட்டு நேரத்துக்கு வந்து நின்னதில்ல. நல்ல டிரைவர் எப்படிப் பேசுவான் தெரியுமா? "நாலு வந்து முட்டும், ஒண்ணு மாட்டும், சில நாளு அதுவும் இருக்காது"ம்பான். கேக்க நல்லாத்தான் இருக்காது. ஆனா துட்டை அவன்கிட்ட கட்டு.

ஓட்டல் கவுண்டர்ல டை கட்டின பையன் "சார், நான் ஏற்பாடு பண்ணித் தாரேன்"னு நிப்பான். பாவம், அவனும் பொழைக்கணும். கமிஷனை வேண்டாம்னு சொல்லல. ஆனா "போட்டு ஓட்டுதது யாரு? அவரு கூட ரெண்டு வார்த்தை பேசணும்"னு கேளு. பேரு தெரியாம முழிச்சான்னா, நீ ஒரு டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துரு.

ஏன்னா, நீ வாடகைக்கு எடுக்கது போட்டை இல்லடே. சுக்கானைப் புடிக்கவன் கண்ணை எடுக்க. இந்த ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா மிச்ச எல்லாம் தானா வரும். நம்ம ஊருல கணியம் பாப்பாங்க, கேள்விப்பட்டிருப்ப. கோயில் கோபுரத்தையும் ஒத்தைப் பனையையும் ஒரு நேருல வச்சு, இன்னொரு பக்கம் ரெண்டு அடையாளத்தை நேருல வச்சு, தண்ணிக்கு அடியில பார் கெடக்க எடத்துல கரெக்டா வள்ளத்தை நிறுத்துவாங்க. இப்ப ஜிபிஎஸ் இருக்கு, எக்கோ சவுண்டர் இருக்கு, பொட்டி அதைக் காட்டிரும். ஆனா நீவாடு, அதான் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கு, மீனு எந்த விளிம்புல மூஞ்சியை வச்சுக்கிட்டு இரைக்கு நிக்கு, போட்டை எம்புட்டுத் தூரத்துல ஒதுக்கணும், இதெல்லாம் அந்தப் பொட்டியில இல்ல. அது டிரைவர் மண்டையில இருக்கு. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி நீவாடு பலமா ஓடும். உன் லீவு நாளைச் சொல்லி, "அன்னைக்கு நீவாடு எப்படி இருக்கும்?"னு அவன்கிட்ட கேளு. ஒழுங்கா பதில் சொன்னா ஆளு சரி. "எல்லா நாளும் சூப்பர் சார்"னா அவன் டிரைவர் இல்ல, சேல்ஸ்மேன்.

டிரைவர் தெலுங்கனா இருப்பான், பெங்காலியா இருப்பான், ராமநாதபுரத்தானாவும் இருப்பான். மாயாபந்தர் பக்கத்துக் கரேன் ஆளா இருந்தா, 1925 வாக்குல பர்மாவுல இருந்து வந்து குடியேறினவங்க வம்சம், கடல்ல கெட்டிக்காரங்க. எல்லாருக்கும் பொது பாசை இந்தி. நீ பயப்படாதே. மீனு மாட்டினதும் அவன் கத்துத கத்து எல்லாப் பாசைக்காரனுக்கும் புரியும்.

இனி நேரக் கணக்கு. "அரை நாளு நாலு மணி நேரம், வெலை கம்மி"ம்பான். நல்ல கணக்குதான். போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணி, நடுவுல ஒரு மணி நேரம் தூண்டிலு, அதுலயும் அரை மணி ஒன் கூட்டாளி வாந்தி. அதனால கயித்தை அவுத்ததுல இருந்தா நேரம், மொத தூண்டிலு விழுந்ததுல இருந்தா நேரம்னு கேட்டு வச்சுக்கோ. துட்டு பத்தாதுன்னா ரெண்டு அரை நாளுக்குப் பதிலா ஒரே ஒரு முழு நாளு எடு. இங்க சூரியன் நம்ம ஊரை விட வெள்ளன வரும்; கடிகாரம் மட்டும் டெல்லி கடிகாரம். காலையில அஞ்சு, அஞ்சரைக்கெல்லாம் பளிச்சுன்னு விடிஞ்சுரும், சாயங்காலம் அதே நேரத்துல இருட்ட ஆரம்பிக்கும். "ஓட்டல்ல காலைச் சாப்பாடு இலவசம், ஒன்பது மணிக்குக் கெளம்பலாம்"னு எவனாவது சொன்னா, அவன் இட்லிக்கு வந்தவன். அவனை ஓட்டல்லயே விட்டுட்டு வா.

"தனி போட்டு"ன்னா என்னன்னும் எழுத்துல வாங்கு. இல்லன்னா காலையில ஜெட்டிக்குப் போனா, ஏஜெண்டு மச்சினன் ஒருத்தன் குல்லா போட்டுக்கிட்டு முன்னாலயே ஒக்காந்திருப்பான். "சும்மா காத்து வாங்க வாரான் சார்"ம்பாங்க. பாப்பர்ங்க பொய் மீனை எறியுததுன்னா போட்டுக்கு முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், அம்புட்டுதான் எடம். மூணாவது ஆளு எறிஞ்சா முள்ளு மீனு வாயில மாட்டாது, ஒன் காதுல மாட்டும்.

அப்புறம் கரையிலயே கேக்க வேண்டிய கேள்விங்க. எண்ணெய்ச் செலவு வாடகையில சேத்தியா? தூண்டிலும் ரீலும் யாரோடது? ஒடைஞ்சா, பாப்பர் அறுந்து போனா யாரு தெண்டம்? சோறு, தண்ணி, ஐஸு உண்டா? கடலு மோசம்னு போக முடியலன்னா அச்சாரம் திரும்பி வருமா, வேற நாளு தருவானா? மீன்புடி அனுமதி, போட்டுப் பதிவு, இன்சூரன்ஸ் தாளு எங்க? ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கா? அதை மூட்டையாக் கட்டி அடியில போட்டிருக்கானா, கையெட்டுத எடத்துல வச்சிருக்கானா? கரையை விட்டுத் தள்ளிப் போனா ஒன் போனு வெறும் கேமராதான். போட்டுல வயர்லெஸ் வேல செய்யுதான்னு பாரு. இஞ்சின் ரெண்டு இருந்தா ரொம்ப நல்லது. ஒண்ணுதான்னா, அது நின்னா என்ன பண்ணுவன்னு கேளு. "நிக்காது சார்"ங்கது பதில் இல்ல.

காலம் பாத்து வா. ஜூலையில ஓட்டலு சல்லிசாக் கெடைக்கும். எதுக்குச் சல்லிசுன்னு ரூம்ல ஒக்காந்து மழையைப் பாத்துக்கிட்டே யோசிக்கலாம். தென்மேற்குக் காத்து மே மாசத்துல தொடங்கினா கடலு இளகாது. நவம்பர், டிசம்பர்ல வங்கக்கடல்ல புயல் சின்னம்னு ரேடியோ சொல்லிக்கிட்டே இருக்கும். சனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடலு சொன்ன பேச்சைக் கேக்கும்; அதுவும் தோணினாத்தான்.

எங்க போகக் கூடாதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கோ. வண்டூர்ல மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-ல இருந்து இருக்கு. ஹேவ்லாக்குக்கு, அதான் இப்ப ஸ்வராஜ் தீவு, அதுக்குப் பக்கத்துல ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்கா இருக்கு. அந்த எல்லைக்குள்ள தூண்டிலு போடக் கூடாது. அங்க மீனு நெறைய இருக்கே, ஓரமாப் போட்டா என்னன்னு ஒருத்தன் கண்ணடிப்பான். அதுங்க அங்க நெறைய இருக்கதே யாரும் போடாததாலதான் மருமவனே.

வடக்கு சென்டினல் தீவுப் பக்கம் தலை வச்சும் படுக்காதே. சுத்தி அஞ்சு கடல் மைலுக்கு யாரும் போகப்படாதுன்னு சட்டம். 2018-ல ஒரு அமெரிக்கக்காரன் துட்டைக் குடுத்து மீன்புடி ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போனான். அவன் திரும்பல, கூட்டிட்டுப் போனவங்க செயிலுக்குப் போனாங்க. 2025-ல இன்னொரு அமெரிக்கக்காரன் ஒரு தேங்காயும் ஒரு கோக் டப்பாவும் வச்சுட்டு வந்தான். அவனையும் புடிச்சு உள்ள போட்டாங்க. விருந்தாளியைக் கூப்பிடாத வீட்டுக்குக் கோக் வாங்கிட்டுப் போறவன் மருமவனாயிருந்தாலும் நான் சாமீன் எடுக்க மாட்டேன்.

எரிமலை பாத்துக்கிட்டே மீன் புடிக்கலாம்னும் ஆசை காட்டுவான். பேரன் தீவு உண்மைதான். நம்ம நாட்டுல உசுரோட பொகையுத எரிமலை அது ஒண்ணுதான். அங்க சூரை கூட்டமா நிக்கும். ஆனா இங்க இருந்து ஏறக்கொறைய 140 கிலோமீட்டர். காலையில போயி மத்தியானச் சோத்துக்குத் திரும்பலாம்னு ஒருத்தன் சொன்னா, அவன் போட்டுல போகப் போறதில்ல, ஒன் துட்டோட போகப் போறான்.

போற மொத நாள் ராத்திரி கூட்டாளிமாரு "லீவுதானே"ன்னு பாட்டிலைத் தொறப்பானுங்க. நீ சிரிச்சுக்கிட்டே படுக்கப் போ. வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்டு முன்னாடியே போடு. கடல்ல தலை சுத்தினதுக்கப்புறம் போட்டா மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். காலையில எண்ணெய்ப் பூரியைத் தொடாதே. போட்டுல போனைக் குனிஞ்சு பாக்காதே, தூரத்துல கரையைப் பாரு. முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடி போடு. ஒன் கையைக் காட்டத்தான் ஜிம்முக்குப் போறேன்னு தெரியும். மத்தியானத்துக்குள்ள அது வெந்து செவந்துரும்.

இப்ப வேலைக்கு வருவோம். அந்தப் பாப்பரைக் கையில குடுப்பான். கட்டையில செஞ்ச பொய் மீனு, வாய்ப்பக்கம் குழிஞ்சிருக்கும், நூத்தம்பது எறநூறு கிராம் எடை. அதைப் பாரோட விளிம்புக்கு எறிஞ்சு, தூண்டிலை வெட்டி இழுக்கணும். அந்தக் குழி தண்ணியைக் கவ்வி "பொளக்"குன்னு துப்பும். எறி, இழு, சுத்து. எறி, இழு, சுத்து. இருவது தடவையில தோளு கேக்கும், அம்பதாவது தடவையில இடுப்பு கேக்கும், "இதுக்கா துட்டு கட்டினோம்?"னு மனசு கேக்கும். நீ கொட்டாவி விடுத அந்த நேரம் பாத்துத்தான் அவரு வருவாரு. பாப்பருக்குப் பின்னால தண்ணி மேடு கட்டும், கறுத்த முதுகு ஒண்ணு பொரளும், அந்த எடத்துல ஒரு பள்ளம் விழும். அதோட ரீலு கதறும்.

அப்ப நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான்: சொன்னதைச் செய்யி. தூண்டில் அடியை இடுப்புப் பட்டைக் குழியில குத்து. ரீல் பிடியை டிரைவர் வச்ச அளவுல விடு, நீயாத் திருகாதே. பாரை நேரா அடிக் கல்லுக்குள்ள போயி நூலை அறுக்கப் பாக்கும். மொத அரை நிமிசத்துல யாரு கெட்டின்னு முடிவாயிரும். நம்ம ஊருல தங்கூசியை வெரல்ல வச்சு மீனு பேசுததைக் கேப்போம். அந்தப் பழக்கத்துல இந்தப் பின்னின நூலைக் கையால புடிச்சே, வெரலு மீனோட போயிரும். ஒன் கூட்டாளி "இழு மச்சான், இழு"ன்னு காதுல கத்துவான். அவன் யூடியூப் பாத்தவன். டிரைவர் பேச்சை மட்டும் கேளு. துட்டு கட்டினவன் நீதான், ஆனா போட்டுல மொதலாளி அவன்.

மீனு மேல வந்துட்டா நெசமான வேலை இனித்தான். இங்க ஒழுங்கான போட்டுக்காரன் பாரையை விட்டுருவான். ஒங்க அத்தை மாதிரி நானும் "விடுததுக்கா துட்டு?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்கணும். ஆனா இதுல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. நம்ம கெழக்குக் கரையில வருசா வருசம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்போட்டைக் கட்டிப் போடுதாங்க. எதுக்கு? மீனு முட்டை விட்டுப் பெருகத்தான். வயித்துப்பாட்டுக்குக் கடலுக்குப் போறவனே ரெண்டு மாசம் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான். பொழுதுபோக்குக்கு வந்த நீ ஒரு மீனை விடுததுல என்ன கொறைஞ்சு போவ? பெரிய பாரையைக் கறியாக்கினா ஒரு நாளுக் கொழம்பு, அதுவும் சதை முரடு. உசுரோட விட்டா அடுத்த வாரம் இன்னொரு மெட்ராஸ்காரன் அதே மீனுக்கு இன்னொரு வாடகை கட்டுவான். இந்த ஊருல வீட்டை வாடகைக்கு விட்டுப் பொழைக்கவனை விட, அந்தப் பாரையை வச்சுப் பொழைக்கவன் புத்திசாலி.

விடுததையும் ஒழுங்கா விடணும். முள்ளுல இருக்க எதிர்க்கொடுக்கைக் குறடால நசுக்கி வைக்கச் சொல்லு, சுளுவாக் கழலும். கையை நனைச்சுக்கிட்டுத் தொடு. செவுளுக்குள்ள வெரலு விடாதே, வாலைப் புடிச்சுத் தொங்க விடாதே, வயித்துக்கு அடியில கை குடு. நீ மூச்சைப் புடிச்சுக்கோ. ஒனக்கு மூச்சு முட்டுததுக்குள்ள படம் எடுத்து முடிச்சிரு. அதுக்கும் அங்க அப்படித்தான் முட்டுது. மயில் மீனு மாட்டினா போட்டுக்குள்ளயே தூக்காதே, தண்ணியில வச்சே படம் எடு. ஆழத்துல இருந்து களவாவை இழுத்தா காத்துப்பை உப்பி வயித்தை வெளிய தள்ளிரும், அதைத் தூக்கிப் போட்டா மெதக்கத்தான் செய்யும். அதனால கறிக்கு வேணுங்கது கெடைச்சதும் ஆழத் தூண்டிலை நிறுத்திரு. சுறா மாட்டினா நூலை அறுத்து விடு. அதுல பல சாதிக்கு 1972 வனவிலங்குச் சட்டம் காவலு. ஒனக்கு அது அடையாளம் தெரியாது, வனத்துறைக்காரனுக்குத் தெரியும்.

தின்ன ஆசையா இருந்தா ஒரு சூரை போதும். புடிச்ச மீனு யாருக்குச் சொந்தம்னு முன்னாலயே பேசிக்கோ. சில போட்டுல அது போட்டுக்காரனுக்கு. ஒனக்குன்னு குடுத்தா, ஏறின ஒடனே ரத்தத்தை வடிச்சு ஐஸுக்குள்ள பொதைக்கச் சொல்லு. வெயில்ல கெடந்த சூரையைத் தின்னா மூஞ்சி செவந்து, மேலு தடிச்சு, ராத்திரி பூரா சொறியணும். எம்புட்டு வேக வச்சாலும் அந்த வெசம் போகாது.

கரைக்கு வந்ததும் போட்டுப் பையன் கையில நேரா எதாவது குடு. நாளு பூரா ஒன் சிக்கலை அவுத்தவன், ஒன் வாந்தியைக் கழுவினவன் அவன். கம்பெனிக்காரன் "நான் குடுத்துக்கிடுதேன்"னு கையை நீட்டுவான். நீட்டுத கையைக் குலுக்கிட்டு வந்துரு.

அம்புட்டுதான் மருமவனே. வாயைக் கரையில தொறந்து எல்லாத்தையும் கேளு, கடல்ல மூடிக்கிட்டு சொன்னதைச் செய்யி. மீனு வந்தா ஒன் அதிர்ஷ்டம். வரலன்னா வீட்டுல அத்தை கொழம்பு வச்சிருப்பா, வாடகை கெடையாது. எந் தங்கச்சி கேட்டா மட்டும் வாடகையில பாதியைச் சொல்லு. மீதியை நானும் சொல்ல மாட்டேன்.